பூண்டு உரிக்காத பதினைந்து நாள்

சோலே தட்டில் ஒரு நகம் கிடந்ததாம். நான் ஒட்டிய நகம். முந்தின நாள் சாயங்காலம், ஜனக்புரி மார்க்கெட் மாடியில் இருக்கும் எங்கள் பார்லரில், ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பத்து விரலிலும் பாதாம் வடிவத்தில் ஒட்டி அனுப்பியிருந்தேன். அவள் மறுநாள் வந்து டிஷ்யூ பேப்பரைப் பிரித்து என் மேஜை மேல் வைத்தாள்.

"தீதி, யே ஆப்கா ஹை," என்றாள். உங்களுடையதுதான் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறாள். அதில் கொண்டைக்கடலை மசாலா அப்படியே ஒட்டியிருந்தது.

இத்தனைக்கும் நான் தொழிலுக்குப் புதியவள் இல்லை. வெந்நீரில் விரலை ஊறவைத்து, தேய்த்து, பாலிஷ் பூசினால் போதும் என்றிருந்த காலத்தில் வந்தவள். பிறகு அக்ரிலிக் வந்தது. ஒரு கிண்ணத்தில் திரவம், இன்னொன்றில் பொடி. பிரஷ்ஷை ஒன்றில் நனைத்து மற்றதில் தொட்டால் நுனியில் சின்ன உருண்டை வரும். அது இறுகுவதற்குள் அதை நகமாக்கிவிட வேண்டும். எனக்கு அது கைவந்தது. மேற்கு தில்லியில் என்னைப் போல அக்ரிலிக் போட ஆளே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அதற்குள் காலம் மாறிவிட்டது. இப்போது முழு நகமும் அச்சில் வார்த்து, அளவு வாரியாக டப்பாவில் வருகிறது. உள்பக்கம் ஜெல் தடவி, விரலில் வைத்து அழுத்தி, சின்ன விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் இறுகிவிடும். அக்ரிலிக்கின் நெடி இல்லை, நேரமும் பாதிதான். "இதெல்லாம் ஒரு வேலையா, ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி," என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஸ்டிக்கர்தான் சோலேயில் விழுந்தது.

பார்லர் முதலாளியம்மா பஞ்சாபி. நல்லவர், ஆனால் கணக்குப் பார்ப்பவர். டிஷ்யூவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஜன்னலோரம் இருக்கும் என் மேஜையைக் கண் இமை ஒட்டும் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கணவனுக்காகப் பெண்கள் விரதமிருந்து அலங்கரித்துக்கொள்ளும் கர்வா சௌத் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் மேற்கு தில்லி முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். முதலாளியம்மா நிபந்தனை போட்டார். வீட்டு வேலை செய்கிற ஒரு கையில் இந்தப் புது நகத்தைப் போடு. பதினைந்து நாள் ஒன்றுகூட ஓரம் தூக்கிக்கொள்ளக் கூடாது. அந்தக் கையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு. இல்லாவிட்டால் மேஜை அவளுக்கு, உனக்கு ஐப்ரோ நாற்காலி.

ஐப்ரோ நாற்காலி என்றால் நாள் பூராவும் நின்றுகொண்டு நூலைப் பல்லில் கடிக்கும் வேலை. நான் தொடங்கிய இடம் அதுதான். இந்த வயதில் மறுபடி அங்கே போவதாக இல்லை.

யூடியூப் பார்த்தேன். என் பாதி வயதுப் பெண் ஒருத்தி நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் ஜெல்லை ஏராளமாக அப்புகிறேன், நகத்தைச் சரியாகச் சாய்த்து வைக்காமல் பட்டென்று அழுத்துகிறேன், காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அக்ரிலிக் மகாராணி தலை குனிந்து "ஜி" என்றாள்.

கற்றுக்கொண்டாயிற்று. கைக்குத்தான் பஞ்சம். மாடி வீட்டுக்காரி சோலே கதையைக் கேள்விப்பட்டிருந்தாள். கீழ் வீட்டுக்காரிக்கு அலர்ஜியாம். நான் கேட்ட அந்த நிமிடத்தில் வந்த அலர்ஜி. மிஞ்சியது என் அம்மா.

அம்மாவிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றவள். உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்தால் விரல் நுனிக்கு மேல் நகம் தெரியக் கூடாது என்பது அவள் படித்த நர்ஸிங் பள்ளியின் சட்டம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிறும் வேதக்கோயிலுக்குக் கிளம்பும் முன் என் கையைத் திருப்பிப் பார்ப்பாள். வெள்ளை தெரிந்தால் நகவெட்டி வரும். அப்படிப்பட்டவளுக்கு நகம் வளர்த்துக் கொடுப்பதே பிழைப்பாக ஒரு மகள். கோயிலில் யாராவது கேட்டால் "பியூட்டி லைன்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

"நகத்துக்கு அடியில எம்புட்டு கிருமி இருக்கும் தெரியுமாட்டி?" என்றாள், எதிர்பார்த்தபடியே.

"எம்மா, மேஜை போயிரும்மா," என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுவதாகத் திட்டமிடவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் நீட்டினாள். நான் அவளுக்குப் பொருத்தமாக, நிறமே தெரியாத ஒரு வெளிர் ரோஸைக் காட்டினேன். அவள் நிறப் பலகையில் கடைசி வரிசையைத் தொட்டாள். மெரூன்.

"போடுததுதான் போடுத, தெரியுத மாதிரி போடு."

என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு விரலையும் அளந்து, சாய்த்து, மெதுவாக அழுத்தி, காற்றுக்குமிழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். முடிந்ததும் அம்மா இரண்டு கையையும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய்ப் பூண்டை எடுத்தாள்.

"எம்மா, தொடாத," என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரியின் அலர்ஜியே பறந்திருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லா வேலையும் நான்தான். வீட்டு வேலை செய்கிற கை என்பதுதான் நிபந்தனை. ஆனால் அந்தக் கை வேலை செய்தால் நகம் போய்விடுமே என்று எனக்குப் பயம். பூண்டு தொடாதே, பாத்திரம் தொடாதே, சட்னிக்குத் தேங்காய் துருவாதே, கேஸ் லைட்டரைக்கூடத் தொடாதே. பார்லரிலிருந்து வந்து வியர்க்க வியர்க்க மாவாட்டினேன். பல வருஷமாக என் சமையல் மேகியோடு நின்றிருந்தது. முதல் நாள் சாம்பார் ஒரு மாதிரி வந்தது. இரண்டாம் நாள் வேறு மாதிரி வந்தது. சாம்பார் மாதிரி எந்த நாளும் வரவில்லை.

அம்மா பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "உப்பு போட்டியா?" என்று அங்கிருந்தே கேட்பாள். போட்டேன் என்றால், "தெரியல," என்பாள். மஞ்சள் கறை ஏறாமல் இருக்க ரசம் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டாள். டீ குடிக்கும்போது நகத்தால் டம்ளரைத் தட்டுவாள், டிக் டிக் என்று. முதலில் தெரியாமல் தட்டுகிறாள் என்று நினைத்தேன். யாரும் இல்லாதபோதும் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தை வழக்கமாக மடியில் வைத்துக்கொள்பவள், அன்று நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். பின்வரிசைப் பெண்கள் ஆராதனை முடிந்து வந்து கேட்டார்கள். "மக போட்டது. நகம்தான் அவ வேலை," என்றாள். பியூட்டி லைன் எங்கே போயிற்றோ. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டுக்கு வந்து இன்னும் மோசமாக ஒரு மீன் குழம்பு வைத்தேன்.

பதினைந்தாம் நாள் அம்மாவை இ-ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு பார்லருக்குப் போனேன். ரிக்‌ஷா குலுங்கும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடிக்கப் போவாள்; நான் அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். கண்ணாடிச் சாமான் கொண்டுபோகிறவள் மாதிரி போய்ச் சேர்ந்தேன்.

முதலாளியம்மா லென்ஸ் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். நகத்தின் அடி ஓரத்தில் குச்சியை ஓட்டி, எங்காவது தட்டுகிறதா என்று தடவினார். பத்தும் அப்படியே இருந்தன. நான் ஒட்டிய திறமையா, அம்மா எடுத்த ஓய்வா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வேண்டிய பதில் எதுவோ அதை நம்பிக்கொள்கிறேன்.

"ஆன்ட்டி, கர் கா காம் கியா?" என்று கேட்டார் முதலாளியம்மா. வீட்டு வேலை செய்தீர்களா?

என் அம்மா பொய் சொல்ல மாட்டாள். சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி வலிக்குமா என்று கேட்கும் குழந்தையிடம்கூட வலிக்கும் என்று சொன்னவள். மேஜை போயிற்று என்றே நினைத்தேன்.

"சப் கியா," என்றாள் அம்மா, திருநெல்வேலி வாசனையோடு இருக்கும் அவளுடைய இந்தியில். "பர்த்தன், கப்டா, போச்சா. ரோஸ்."

பாத்திரம், துணி, தரை துடைப்பது, எல்லாம் தினமும் செய்தாளாம். முகத்தில் ஒரு சலனம் இல்லை. முதலாளியம்மா அவள் கையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த என் கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு நகம் பிளந்திருந்தது. ஓரத்தில் மஞ்சள். கட்டைவிரலில் தோசைக்கல் சூடு. அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"டேபிள் தேரி," என்றார். "பர் பஹலே அப்னே ஹாத் டீக் கர்." மேஜை உனக்குத்தான், முதலில் உன் கையைச் சரிசெய்துகொள் என்றார்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் என் தொழிலை வாயால் சொல்லக் கூசியவள், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"எனக்காகவாம்மா பொய் சொன்ன?"

அம்மா டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியை நகத்தால் தட்டிக்கொண்டே வந்தாள்.

"உனக்காகவா?" என்றாள். "சும்மா உக்காந்திருந்தேன்னு சொன்னா, எல்லாத்தையும் கழத்திட்டுப் போயி வேலயப் பாருன்னு சொல்லிருவாளோன்னு பயந்துட்டேம்ட்டி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டேன்.

"ரீஃபில் எப்பம்?" என்று கேட்டாள்.

அடியில் நகம் வளர்ந்து விட்ட இடைவெளியை அடுத்த வாரம் நிரப்பித் தருகிறேன் என்றேன். வழியில் காய்கறி வண்டிக்காரரிடம் நிறுத்தி நான் உரிப்பதற்கு அரைக்கிலோ பூண்டு வாங்கினேன்.