மூன்று தட்டுக்கு நிற்காத என்ஜின்

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. அந்தப் புகையைக் குடித்தவன் நான். இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு என்னால் படுக்க முடியாது.

1972, தூத்துக்குடி. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. கடற்கரை ஜனம் முழுக்க மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில். நான் நாசரேத்துக்காரன், டீசல் மெக்கானிக். நாங்கள் புராட்டஸ்டன்ட், எங்கள் வீட்டில் அந்தத் திருநாள் கிடையாது. ஆள் தொந்தரவில்லாமல் வேலை பார்க்கலாம் என்று நான்தான் அந்த நாளைக் குறித்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

விசைப்படகு ஜேசுபாதம் அண்ணாச்சியுடையது. பழசாக வாங்கியிருந்தார். நான்கு சிலிண்டரில் ஒன்று அடிக்காமல் என்ஜின் திணறியது. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். சத்தம் இறங்கினால் அது நல்ல சிலிண்டர். இறங்காவிட்டால் கோளாறு அங்கேதான்.

நான் கீழே என்ஜின் அறையில். அண்ணாச்சி மேலே ஆக்சிலேட்டரில். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் ஸ்பானரால் மேல்பலகையில் தட்டுவேன். ஒரு தட்டு, வேகம் கூட்டு. இரண்டு, குறை. மூன்று, நிறுத்து. அவர் குதிகாலால் ஒருமுறை பதில் தட்டுவார்.

முதல் குழாய். சத்தம் இறங்கியது. திரும்ப முடுக்கினேன். இரண்டாவது. அதுவும் இறங்கியது.

ஒரு தட்டு தட்டினேன். பதில் வந்தது. டொக்.

என் முழங்காலுக்குக் கீழிருந்து வந்தது.

கீழே பலகை. அதற்குக் கீழே வெறும் தண்ணீர்தான்.

எதிரொலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவதைத் தளர்த்தினேன். சத்தம் இறங்கவில்லை. கோளாறு கிடைத்துவிட்டது! சந்தோஷமாக நிமிர்ந்தேன்... அறை இருட்டியிருந்தது. நான் திறந்துவைத்து இறங்கிய மேல்மூடி சாத்திக்கிடந்தது.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. எங்கோ புகை கசிந்தது. கண் எரிந்தது.

மூன்று தட்டு தட்டினேன்.

வேகம் கூடியது.

"அண்ணாச்சி! நிறுத்துங்க!" மறுபடி மூன்று.

இன்னும் கூடியது. கீழிருந்து... டொக். டொக். டொக்.

நான்கு குழாய்களையும் கழற்றினேன். டீசல் முகத்தில் பீய்ச்சியது. இனி ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை.

என்ஜின் நிற்கவில்லை.

டீசல் இல்லாமல்... ஓடியது.

மூச்சு அடைத்தது.

செத்தேன் என்றே நினைத்தேன்.

டொக்...

வெளிச்சம்! அண்ணாச்சி ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினார். அந்த நொடியே என்ஜின் நின்றது.

"ஏலே கிருபா! என்னல இம்புட்டுப் புகை?"

"ஏன் அண்ணாச்சி நிறுத்தல?"

"நான் எங்கன இருந்தேன்? அம்மா கல்லறைக்குத் திரி ஏத்திட்டு இப்பதான வாரேன். ஒங்கிட்ட கேட்டுட்டுத்தானல போனேன். 'போயிட்டு வாங்க'ன்னு இம்புட்டு இரைச்சல்லயும் உள்ள இருந்து தெளிவாச் சொன்னியே!"

நான் சொல்லவில்லை.

மறுவாரம், அந்தப் படகின் பழைய முதலாளியிடம் வேலை பார்த்த தளவாயைத் தேடிப்பிடித்தேன். அதே அறையில் ஹென்றி என்ற டிரைவர் மூச்சுமுட்டிச் செத்துப்போனானாம். அன்றைக்கு மேலே நின்றவர் தளவாய்தான்.

"அப்ப அது ஹென்றியா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவன் என்ன செய்வான், பாவம். அவன் தட்டுனதும் ஓடிப்போயி மூடியத் தூக்குனேன். வரல. கோடாலி வச்சு ஒடைச்சோம். உள்ள அவன் கையில ஸ்பானர். நாலு குழாயும் கழண்டு கெடக்கு..."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ஜின் அப்பவும் ஓடிக்கிட்டுத்தான்வே இருந்துச்சு."