பச்சை உப்பின் பெயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆனால் நோட்டுக்கு அட்டை போட நாங்கள் தாள் வாங்கியதில்லை. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, மை பிசகிய தாள்களைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். ஏழாம் வகுப்பில் என் அறிவியல் நோட்டுக்கு, பட்டாசைப் பற்றி யாரோ சிறுவர்களுக்கு எழுதிய புத்தகத்தின் ஒரு பக்கம் வாய்த்தது. அதன் கடைசி வரி, "வானத்தில் பச்சை நிறத்தைத் தருவது" என்று பாதியில் நின்றிருந்தது.

டீச்சரிடம் கேட்டேன். "நீயே கண்டுபிடிச்சு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சொல்லு" என்றார்.

வீட்டிலேயே ஆள் இருந்தது. அம்மா நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனியில் வானவெடிக்குள் வைக்கிற கலர் உருண்டை பிடிப்பவள்.

"பச்சை உப்புதான்" என்றாள்.

"பச்சையா இருக்குமாம்மா?"

"வெள்ளையால்ல இருக்கும். சோத்து உப்பு கணக்கா."

"பெறகு ஏன் பச்சைங்கிறீக?"

பதினோரு வருஷமாக அதைப் பிடித்தவள், "அதோட நெசப் பேரைக் கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

மறுநாள் போர்மேனிடம் உப்பின் பெயரைக் கேட்டிருக்கிறாள். வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்களும் உள்ள ஊர். அவர் முறைத்தாராம். "என்னக்கா, சொந்தமா கம்பெனி போடப் போறீகளா?"

வேலை போய்விடுமோ என்று அம்மா அவசரமாகச் சொல்லியிருக்கிறாள். "எம்மக பாடத்துக்குக் கேக்கா சார்."

மூட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்த பெயரை அவர் வாசித்துச் சொன்னார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கம்பெனி வேனில் வழிநெடுக அதையே முணுமுணுத்து வந்தாள். "யாருக்குடி மந்திரம் ஓதுற?" என்று கூட வந்தவர்கள் கேலி செய்தும் வேறு பேச்சுப் பேசவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பேரியம். சீக்கிரம் எழுதிக்கோ" என்றாள்.

வெள்ளை உப்பு எரியும்போது ஏன் பச்சையாகிறது என்பதைப் பள்ளி நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் புரட்டி நானே தேடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வகுப்பே கைதட்டியது. ஒரு வாரம் என் நடையே மாறியிருந்தது.

பரீட்சை முடிந்து அட்டையைக் கழற்றினால், தாளின் பின்பக்கத்தில் முதல் சொல்லே பேரியம். திருப்பிப் பார்க்கத் தோன்றாத ஆராய்ச்சியாளர் நான்.

அம்மாவிடம் காட்டினேன்.

"எங்கன இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். தன் விரலையும் அங்கே வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. வாசிக்கத் தெரியாமல் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாடப் போகும் அவசரத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

கையால் அத்தனை வருஷம் பிடித்ததை, வாயில் ஒரு சாயங்காலம் சுமந்து வந்ததை, இன்னதென்று தெரிந்து அவள் எழுத்தாகப் பார்ப்பது அதுதான் முதல்முறை என்று எனக்கு அப்போது தெரியாது.