ஒரு மணி நேரத்துத் தாய்மாமன்

சிவநேசனுக்குத் தூரம் என்பதே கிடையாது. பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் பிறந்து, சுபாங் பக்கத்து ஷா ஆலமுக்கு ஏர்கோன் பழுது பார்க்கப் போனவன், நாலு தடவை விமானம் ஏறியதும் வானத்தையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுவான்.

"சுபாங்லேர்ந்து பினாங்கு முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லக்கா. பறந்தா ஒரு மணி நேரம். பஸ்ல வர்றவன்லாம் வேல வெட்டி இல்லாதவன் லா."

பினாங்கிலேயே இருக்கும் அக்கா ஜெகதீஸ்வரி மூக்கைச் சுளிப்பாள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அவன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கும் வந்ததில்லை, தீபாவளிக்கும் வந்ததில்லை. பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று நினைப்பவன் கிளம்பவே மாட்டான். அது அவள் கண்ட உண்மை.

ஆனால் இப்போது அவளுடைய மூன்று வயது மகள் துளசிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன் கொண்டுவரும் சீர்தான்.

"உன் வீட்டுப் பக்கம் ஆளு உண்டா, இல்ல எல்லாம் போன்லதானா?" என்று மாமியார் ஒரு மாதமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாயை அடைக்க அந்த வெட்டிப்பயல் வேண்டியிருந்தது. அதுதான் ஜெகதீஸ்வரிக்கு வயிற்றெரிச்சல்.

"முத நாளே பஸ் ஏறுடா" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"யாருக்கா முதுகு ஒடிய வர்றது? காலைல பறந்து வந்துடுறேன்."

தண்ணீர்மலைக் கோயில் மண்டபத்தில் காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் சிவநேசன் வீடியோவில் வந்தான். பின்னால் சுபாங் விமான நிலையத்து நாற்காலிகள்.

"இன்னும் அங்க என்னடா பண்ற?"

"ரோட்டுல ஜாம்கா. கவுண்டர மூடிட்டாங்க. அடுத்த பிளைட் எடுத்திருக்கேன். பறக்கறது ஒரு மணி நேரம்தானேன்னு..."

"பறக்கறதுக்கு முன்னாடி வீட்ட விட்டு வெளிய வரணுமே, அத யாரும் உனக்குச் சொல்லலையா?"

"இப்ப என்னக்கா, இந்தப் போனையே என் மடி மாதிரி வெச்சிக் குத்துங்க. நான் பாத்துட்டே இருக்கேன்."

மாமியார் சிரித்தே விட்டாள். "தாய்மாமனுக்கு சார்ஜ் இருக்கான்னு பாத்துக்கம்மா."

"வேற நாள் வெச்சிக்கலாம்" என்று முனகினான் கணவன் ஹரீஷ். வேறு நாள் என்றால் மறுபடியும் அதே ஒரு மணி நேரம். ஜெகதீஸ்வரி போனை அணைத்தாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துளசியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தன் காதில் இருந்த சின்னத் தோடுகளைக் கழற்றிப் பத்தரிடம் நீட்டினாள்.

"எங்கம்மா வீட்ல போட்டது. சீர் வந்தாச்சு, குத்துங்க."

பத்தர் தயங்கி மாமியாரைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்குறீங்க? அவங்களா பெத்தாங்க?"

மண்டபம் அதிரத் துளசி கத்தினாள். மாமியார் எழுந்து இலை போடப் போனாள்.

எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கறுப்புக் கண்ணாடியும் இழுபெட்டியுமாகச் சிவநேசன் வந்து இறங்கினான்.

"கரெக்டா ஒரு மணி நேரம்கா!" என்று நகைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.

துளசி அவனைக் கண்டதும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

ஜெகதீஸ்வரி சட்டியின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி இலையில் போட்டாள். "தின்னுட்டுக் கெளம்பு. அடுத்த புள்ளைக்கு இப்பவே பொறப்பட்டாத்தான் வந்து சேருவ."

"எந்த மாசம்கா?" என்றான் அவன், கண்ணாடியைக் கழற்றாமலே.