தலைவர் மொழிபெயர்த்த வரலாறு

மலாயாவில், சுங்கைப் பட்டாணியில் நாங்கள் நடத்திவந்த இலக்கியச் சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தபோது ஊரில் அரிசி இல்லை. ஜப்பான்காரன் ஆட்சி. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டாவது விழா எடுத்தே தீரவேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்தார். அவர் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. ஜப்பான் அதிகாரியை அழைத்து உட்காரவைத்துத் தன் செல்வாக்கைக் காட்ட அவருக்கு ஒரு மேடை தேவைப்பட்டது.

அதே தோட்டத்துப் பள்ளியில் நான் வாத்தியார். என்னைக் கூப்பிட்டு, "சங்கத்தோட வரலாற்றைத் தேடி எழுதுங்க வாத்தியாரே. மேடையில நீங்களே வாசிக்கணும்" என்றார்.

அப்போது என் தம்பி சயாமில் ரயில்பாதை போடும் வேலையில் இருந்தான். ஜப்பான்காரன் ஆள் கேட்டான், லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன்.

பழைய உறுப்பினர்களைத் தேடி சைக்கிளில் அலைந்தேன். முதல் கூட்டம் எங்கே நடந்தது, புத்தகம் வாங்கித் தந்தது யார், யார் யாருக்குள் சண்டை என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், எல்லாம் சொல்லிமுடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க தம்பி கடைசியாப் பேசின கூட்டத்தையும் எழுதுவீங்களா?"

அந்தக் கூட்டம் எனக்கும் நினைவிருந்தது. தலைவர் ஒரு பழம்பாட்டுக்குத் தப்பாகப் பொருள் சொன்னார். தம்பி எழுந்து திருத்தினான். சபையே சிரித்தது.

"எழுதலாமே" என்றேன்.

அவர் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஆள் பிடிச்ச அன்னிக்கு நான் தோட்டத்து ஆபீசுக்குச் சாமான் கொண்டுபோயிருந்தேன். ஜப்பான்காரன் கேட்டது கிராணியோட மகனை. அவன் காய்ச்சல்ல செத்துட்டான்னு சொல்லி உங்க தம்பியைக் கைகாட்டிட்டார். மகன் பண்டார் பாருல மாமன் வீட்டுல இருக்கான்."

நம்பமுடியாமல் பண்டார் பாருவுக்கே போனேன். செத்துப்போனவன் வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் உள்ளே ஓடினான்.

ஜப்பான்காரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் கிராணியின் தலை போய்விடும். அது எனக்குப் போதவில்லை. அவர் உயிரோடு இருந்து கூனிக்குறுக வேண்டும்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஜப்பான் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அரைகுறை மலாய்தான். பக்கத்தில் உட்கார்ந்து தலைவரே அவருக்கு மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். சங்கம் பிறந்த கதையை ஒழுங்காக வாசித்தேன். பிறகு தாளை மடித்து வைத்தேன்.

"இந்தச் சபையில் தலைவரைத் திருத்திய ஒருவன் இன்று சயாமில் கிடக்கிறான்" என்றேன். "போகவேண்டியவன் அவனில்லை. தலைவரின் மகன். மகன் செத்துவிட்டதாகச் சொல்லி என் தம்பியைக் காட்டிக்கொடுத்தார். மகன் பண்டார் பாருவில் நன்றாக இருக்கிறான்."

அதிகாரி தலைவரின் பக்கம் சாய்ந்து, "அபா டியா சக்காப்?" என்று கேட்டார். என்ன சொல்கிறான் என்று கேட்கிறார்.

உள்ளதைச் சொன்னால் மகனும் போவான், தானும் போவார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஜப்பானையும் தன்னையும் நான் புகழ்வதாக மலாயில் சொன்னார். மண்டபத்தில் மலாய் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நான் விடவில்லை. மறுபடியும் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவர் மொழிபெயர்க்கும்வரை காத்திருந்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"பாகுஸ்!" பிரமாதம் என்று அதிகாரி மகிழ்ந்து கைதட்டினார். தலைவரை எழுந்து நிற்கச் சொன்னார். எங்களையும் தட்டச் சொன்னார். தட்டினோம். தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினோம். அவர் குனிந்து கும்பிட்டார்.

அதற்குப்பின் தோட்டத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. சங்கம் கூடவுமில்லை. என் தம்பி திரும்பவில்லை. காலராவில் போய்விட்டான் என்று கூடப் போனவன் வந்து சொன்னான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கிராணி மகனோடு ஊருக்குக் கப்பலேறினார். அதற்கு முன்னால் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "பெத்தவன் வேற என்ன செய்வான் வாத்தியாரே?"

"எங்கம்மா உள்ளதான் இருக்காங்க. அவங்ககிட்டக் கேளுங்க."

அவர் உள்ளே வரவில்லை.

சில வருஷம் கழித்து அவர் செத்த செய்தி வந்தது. பாயசம் வைக்கச் சொன்னேன். என் மனைவி தயங்கினாள். அம்மா எழுந்துபோய் அடுப்பு மூட்டினாள்.