டீச்சரின் சிவப்பு வண்டிக்கு ஒரு எஞ்சின்

நான் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சந்தில் என் கணவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். முன்பக்கம் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப், பின்பக்கம் இரண்டு அறை வீடு, நடுவில் ஒரு வாசல், அதில் ஒரு துணித் திரை. அவர்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. நான் தென்காசியிலிருந்தே வந்தவள். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. அவர் பேசவே மாட்டார் என்பதுதான் பழகவில்லை.

கோபக்காரர் இல்லை. வைத்ததைச் சாப்பிடுவார், கேட்டதை வாங்கி வருவார். ஆனால் எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘நோக்கலாம்’, அதற்கு மேல் போனால் ‘சாயா இருக்கா’. சில ஆண்கள் அப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு நாலைந்து வருஷம் ஓட்டினேன். அந்தச் சிவப்பு வண்டி வரும்வரை அதை நம்பவும் செய்தேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம் அது வந்தது. லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, தரையோடு தரையாகக் கிடக்கும் இங்கிலாந்துக் கார். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலைமுறை தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மசாலா வியாபாரம் செய்த குஜராத்திக் குடும்பத்துப் பெண். எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுத்ததால் எல்லாருக்கும் அவர் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது டீச்சரின் அப்பா வாங்கிய வண்டியாம் அது. அப்பா போன பிறகு கிடங்கில் கிடந்ததை இவர் வெளியே எடுத்து ஓட்டியிருக்கிறார். தோப்பும்படி தாண்டுவதற்குள் உள்ளே ராடு உடைந்து எஞ்சின் சுவரைக் குத்திக் கிழித்துவிட்டது.

என் கணவர் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“வெல்டிங் வச்சா நிக்காது, டீச்சர்” என்றார். “வேற எஞ்சின்தான் நோக்கணும்.”

“என்ன எஞ்சின் போடலாம், மேஸ்திரி?” என்று டீச்சர் கேட்டார். அவர் பேசியதும் மலையாளம் கலந்த தமிழ்தான், தமிழ்க்காரர் கடைகளில் கேட்டுப் பழகியது.

அப்புறம் என் கணவர் பேச ஆரம்பித்தார். புடைத்த அரிசியை நான் மறுபடி புடைத்தேன். அதையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“மூணு வழி உண்டு. டீசல் எஞ்சின் வைக்கலாம், எண்ணெய்ச் செலவு கம்மி. பக்ஷே அது கனம். வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும், ஓட்டுறப்போ பல்லு ஆடும். அது வேண்டாம். ரெண்டாவது, நம்ம நாட்டு டாக்ஸி எஞ்சின். இந்த வண்டியோட சொந்த எஞ்சினும் அதுவும் ஒரே குடும்பம், டீச்சர். அங்கே வெள்ளைக்காரன் செஞ்ச அச்சுலதான் இங்கேயும் வார்த்தான். எதையும் வெட்ட வேண்டாம், இறக்கினா உக்காரும். வேகம் கொஞ்சம் குறையும். இதுல இருக்கிற ரெட்டை கார்புரேட்டரைக் கழட்டி அதுல மாட்டினா, போனதுல பாதி திரும்பக் கிட்டும்.”

“மூணாவது?”

அவர் சிரித்தது குரலிலேயே தெரிந்தது. “மூணாவது ஜப்பான். கல்ஃப்லேருந்து ஒருத்தர் கொண்டுவந்த கார் இடப்பள்ளி ஜங்ஷன்ல லாரியில இடிச்சு நொறுங்கிப் போச்சு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல்லே. அஞ்சு கியர். அதை இதுக்குள்ள வச்சா, டீச்சர், பறக்கும். ஃப்ரேமை வெட்டணும், எஞ்சின் உக்கார்ற தாங்கியைப் புதுசா அடிக்கணும், ரேடியேட்டரை மாத்தணும். வேலைதான். பக்ஷே நான் செய்வேன்.”

நான் அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் புடவையோ நிறமோ என் மனதில் படவே இல்லை. டீச்சரிடம் என் வீட்டுக்காரரின் வாய் திறந்தது, என்னிடம் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

டீச்சர் அடிக்கடி வர ஆரம்பித்தார். காலேஜ் முடிந்து படகு பிடித்து வருவார், கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவில் உட்காருவார், கேள்வி கேட்பார். என் கணவர் சிமென்ட் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து காட்டுவார். நான் சாயா கொண்டுபோய் வைப்பேன். டீச்சர் தலை நிமிர்ந்து நன்றி சொல்வார். என் கணவர் தலை நிமிர மாட்டார். ஒருநாள் டீச்சரின் நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் படிந்திருந்ததைப் பார்த்தேன். அவர் துடைத்துப் போட்ட கழிவுத் துணியிலேயே இவரும் கை துடைத்தார். அது எனக்கு அன்று முழுக்க உறுத்தியது.

மறுநாள் காலை நான் ஒர்க்‌ஷாப்பைப் பெருக்கப் போனபோது அவர் சொன்னார்: “அந்தப் படத்தை அழிச்சிராதே.”

நான் அழிக்கவில்லை. துடைப்பத்தோடு அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினேன், ஏதோ கோலத்தைச் சுற்றிப் பெருக்குகிற மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் நானும் முயன்றேன். மீன்குழம்பைப் பரிமாறிக்கொண்டே, “அந்த ஜப்பான் எஞ்சின் போட்டா ரேடியேட்டரை எதுக்கு மாத்தணும்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “சூடு கூடும்” என்றார். அதோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

இடப்பள்ளிக்குப் போய் எஞ்சினைப் பார்ப்பது என்று முடிவானது. டிரைவர் ஓட்டும் டீச்சர் வீட்டுக் காரில் டீச்சரும் இவரும் போவதாக ஏற்பாடு. அன்று காலை பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

“நீ எங்கோட்டு?” என்றார் என் கணவர்.

“நானும் வரேன்.”

“அங்கே ஒண்ணும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை.”

“இருக்கட்டும். கொட்டகை பாக்குறேன்.”

டீச்சர் பின்கதவைத் திறந்துவிட்டு, “வரட்டும் மேஸ்திரி, நானும் பின்னாலேயே உக்காருறேன்” என்றார். அந்த மரியாதைகூட எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

இடப்பள்ளியில் அப்போது வயலும் தென்னையும் லாரிகள் நிற்கும் சாயாக்கடைகளும்தான். கொட்டகையில் அந்த எஞ்சினை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அதை வைத்திருந்தவர் பேட்டரி இணைத்து, ஒரு கேனிலிருந்து பெட்ரோல் குழாய் கொடுத்துக் கிளப்பினார். நான் எதிர்பார்த்தது பெரிய இரைச்சல். வந்தது தையல் மெஷின் மாதிரி ஒரு சீரான சத்தம். முடுக்கியபோது அது அப்படியே உயர்ந்து போய், விட்டதும் தணிந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை, எங்கள் பிள்ளை பிறந்த அன்றுகூட. இப்போது நான் டீச்சரைப் பார்த்தா பொறாமைப்படுவது, எண்ணெய் ஒழுகும் அந்த இரும்பைப் பார்த்தா?

டீச்சர் எஞ்சினைப் பார்க்கவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதையும் கண்டேன்.

சத்தம் நின்றதும் டீச்சர் சட்டென்று என் பக்கம் திரும்பி, “மோளே, நீ என்ன சொல்றே?” என்றார்.

இருந்த எரிச்சலில் நான் சொன்னேன்: “எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஆனா வழியில நின்னா வேற யாருக்கும் இதைச் சரிபண்ணத் தெரியாதே. எதுக்கெடுத்தாலும் இவர்கிட்டதானே வரணும்? இன்னைக்கும் வரணும், பத்து வருஷம் கழிச்சும் வரணும்.”

என் கணவர் ஒன்றும் புரியாமல், “அதுக்கென்ன, நான் இங்கதானே இருக்கேன்” என்றார். டீச்சருக்குப் புரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை வந்தபோது, “டாக்ஸி எஞ்சினே போட்டுடுங்க, மேஸ்திரி” என்றார்.

என் கணவர் வாதாடினார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். ஃப்ரேமை வெட்டியது தெரியாதபடி செய்து தருவதாகச் சொன்னார். டீச்சர் அசையவில்லை. அன்று என் கணவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு எஞ்சின் கிடைக்காததற்கு இப்படி வருத்தப்படுகிற மனுஷன், நான் ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கினால் இப்படிப் படுப்பாரா என்றுதான் நினைத்தேன்.

என் பேச்சினால்தான் டீச்சர் மாறினாரா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. டாக்ஸி எஞ்சினை வாங்க என் கணவர் வெளியே போயிருந்த ஒரு மாலையில் டீச்சர் வந்தார். கேட்டேவிட்டேன்.

“நான் அன்னைக்குச் சொன்னதாலயா, டீச்சர்?”

அவர் கிரீஸ் டப்பாவில் உட்கார்ந்தார். “நீ சொன்னது சரிதான். நீ நினைச்ச காரணத்துக்காக இல்லே.”

எனக்கு முகம் சூடானது.

“அப்பா இருந்தவரைக்கும் என்னை அந்த வண்டியைத் தொட விடல்லே” என்றார் டீச்சர். “அண்ணன்மார் அதை வித்துடணும்னாங்க. இப்போ அது என் கையில இருக்கு. ஒரு ஆளை நம்பித்தான் ஓடும்னா, அது எனக்கு வேண்டாம். எந்த ஊர்ல நின்னாலும் எந்த டாக்ஸிக்காரனும் நன்னாக்கித் தரணும். வேகம் குறைஞ்சா குறையட்டும்.” கொஞ்சம் பொறுத்து, “மேஸ்திரிக்குச் சங்கடம்னு தெரியும். எனக்கும்தான். அந்தச் சத்தம் எவ்வளவு நல்லா இருந்தது” என்றார்.

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். என் பொறாமை தணியவில்லை, இடம் மாறிவிட்டது. என் கணவரோடு அவர் பேசுவதை என்னால் மன்னித்துவிட முடியும். ஆசைப்பட்ட ஒன்றைக் காரணத்தோடு வேண்டாமென்று சொல்லவும், தனக்கு என்ன தேவையென்று தெரிந்துவைத்திருக்கவும் ஒரு பெண்ணால் முடிகிறது. அதை எப்படி மன்னிப்பது? எனக்கென்று வாங்கியது, வேண்டாமென்றது என்று அதுவரை எதுவுமே இருந்ததில்லை.

டாக்ஸி எஞ்சின் சொன்னபடியே இறங்கி உட்கார்ந்தது. பழைய இரட்டை கார்புரேட்டரை அதில் மாட்டி, இரண்டும் ஒரே அளவில் மூச்சு விடும்வரை என் கணவர் பல நாள் குனிந்து கிடந்தார். வண்டி ஓடத் தயாரான அன்று, பக்கத்து இருக்கையில் அவர் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது காயல் காற்று முகத்தில் அறைந்தது. ரோட்டில் போகிறவர்களின் இடுப்பு என் கண்ணுக்கு நேராகப் போயிற்று. டீச்சர் கியர் மாற்றும்போதெல்லாம் நான் அவர் கையையே பார்த்தேன். மூன்றாவது கியரில் மட்டும் காலுக்கடியில் ஒரு மெல்லிய முனகல் கேட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐலண்டை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினோம். இறங்க மனம் வரவில்லை எனக்கு. டீச்சர் நாளையும் இதில் போவார், நான் போக மாட்டேன் என்பது அப்போதே மனதில் வந்துவிட்டது.

வீட்டுக்குள் போனதும் என் கணவர் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தார். அதுவரை அவர் அடுக்களைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

“எப்படி ஓடுது?”

“மூணாவது கியர்ல ஒரு முனகல் இருக்கு.”

“மூணாவதிலா? ஏத்தத்திலயா, சமதளத்திலயா?”

“பாலத்துல ஏறும்போது அதிகம். இறங்கும்போது இல்லை.”

அவர் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு இன்னும் கேட்டார். முனகல் எந்தப் பக்கமிருந்து வந்தது, கிளட்சை அமுக்கினால் போகிறதா, டீச்சர் காலை எடுக்கும்போது என்ன ஆகிறது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கியர்பாக்ஸுக்குள் பற்கள் எப்படி மாட்டிக்கொள்கின்றன என்று இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். அன்று சோறு வடிக்க நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பெரிய பேச்சுக்காரராக மாறிவிடவில்லை. ஆனால் சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது, “வர்றியா” என்று கேட்பார். டீச்சர் எண்ணெய் மாற்ற வரும்போது நானும் போய் உட்காருவேன். அப்போதும் அவர் கேட்கும் கேள்விகள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன, அதற்கு என் கணவரின் முகம் மலர்வதும் அப்படியே இருந்தது, எனக்கு எரிவதும்தான். சில வருஷத்தில் டீச்சர் வேலை மாறிக் கோயம்புத்தூருக்குப் போனார். பாலக்காட்டு வழியாக அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். வாளையார் தாண்டி ஒருமுறை நின்றுபோனதாகவும், ஒரு டாக்ஸிக்காரர் பார்த்துத் தந்ததாகவும் பிறகு யாரோ வந்து சொன்னார்கள். என் கணவர் என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னவருக்கு அது தெரியவில்லை.