சலூன்காரரின் 'ம்க்கும்'

சலூன்காரரின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறதோ இல்லையோ, 'ம்க்கும்' மட்டும் காலையிலிருந்து இரவு வரை தவறாமல் வரும். பாதி தொண்டையிலும் பாதி மூக்கிலுமாக உருண்டு வரும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் எவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கினால் ம்க்கும். தையல்காரர் மகன் பரீட்சையில் தேறினால் ம்க்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணாடியில் தன் மண்டையைப் பார்த்து, "இன்னும் அவ்வளவா கொட்டலைல்ல?" என்று ஆசையாகக் கேட்டால் அதற்கும் அதேதான். முதுகுக்குப் பின்னால் தெருவே அவரை அந்தப் பேரில்தான் கூப்பிட்டது. அது அவருக்குத் தெரியும். தெருவைப் பற்றி அவருக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை.

சரி, இவர் என்ன கிழித்துவிட்டார் என்று கேட்டால் பதில் இல்லை. கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று சாயாது, அதில் பழைய துண்டுகளைக் குவித்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது இரண்டே வெட்டுதான்: ஒட்ட வெட்டுவது, இன்னும் ஒட்ட வெட்டுவது. அந்தத் தெருவில் வேறு சலூன் இல்லாததால் ஜனங்கள் அவரிடம் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியிருக்கையில் மெக்கானிக் ஒரு ராப் பாட்டு எழுதினான். பகலெல்லாம் பைக்குகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், திடீரென்று எங்க தெரு, எங்க ஜனம், எங்க கெத்து என்று கையை ஆட்டி ஆட்டிப் பாடத் தொடங்கினான். வீடியோ எடுக்க எங்கிருந்தோ ஓர் இயக்குநரும் வந்து சேர்ந்தார். காரை பெயர்ந்த சுவர்களையும் தொங்கும் வயர்களையும் பார்த்து அவர் உருகிப்போனார். "இதுதாங்க நிஜம்! அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே விட்டுவிடுவார்களா? கேமராவில் வீடு தெரியப்போகிறதென்றதும் மொத்தத் தெருவும் ஒரே வாரத்தில் சுண்ணாம்பு அடித்து முடித்தது. படப்பிடிப்புக்கு வந்த இயக்குநர், பளபளவென்று நின்ற தெருவைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் டீத்தண்ணீரைக் காய்ச்சி ஊற்றிச் சுவரை அழுக்காக்கச் சொன்னார். நேற்று வெள்ளையடித்தவர்களே இன்று வாளி வாளியாக ஊற்றினார்கள். வெட்கம் என்று ஒன்று எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

சலூன்காரர் இதையெல்லாம் பார்த்துக் காறித் துப்பாத குறை. ஆனால் படப்பிடிப்பு அன்று அவர் மீசைக்கு மை அடித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு கடை வாசலில் தற்செயலாக நிற்பதுபோல நின்றார். இயக்குநர் கையைக் காட்டி, "சார், கொஞ்சம் ஓரமாப் போங்க. ஃபிரேம்ல விழறீங்க," என்றார். சலூன்காரர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் ஒரு வேதனை. அந்தப் பாட்டுக்கு இசை போட்டது அவருடைய மகள். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். மாலையானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தெருவில் கேட்கும் சத்தங்களையே பிடித்து வெட்டி ஒட்டித் தாளமாக்கியிருந்தாள். மெக்கானிக் துள்ளினான், இயக்குநர் புகழ்ந்தார், அம்மா கண் கலங்கினாள். அதெல்லாம் அவளுக்குப் போதவில்லை. இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு 'நல்லாருக்கு' வரவேண்டுமாம். வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை கேளுங்களேன். நாளைக்குப் பாட்டு வெளிய வருது."

"ம்க்கும். குக்கர் விசில கேக்குறதுக்கு எதுக்குடி பாட்டு? அடுப்படியில போய் நின்னா போதாதா?"

"பெத்த பொண்ணு கேக்குறா. கேட்டா காது தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலை தையல்காரர் வீட்டுச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, தெருக்காரர்களுக்கு மட்டும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சலூன்காரர் அந்த வழியாகப் போவதுபோல வந்து கடைசியில் நின்றார். ஷட்டர் தூக்கும் சத்தம், தையல் மெஷின், குக்கர் விசில் என்று தாளம் ஏறியது. "எங்க தெரு சின்னதுதான், எங்க நெஞ்சு பெருசு!" என்று மெக்கானிக் மார்தட்டினான்.

ம்க்கும்.

சத்தம் வந்தது அவர் வாயிலிருந்து இல்லை, பாட்டிலிருந்து. மொத்தக் கூட்டமும் திரும்பி அவரைப் பார்த்தது. "இங்க பொறந்தவன் எவனும் தோத்ததில்ல!" ம்க்கும். அடுத்த வரிக்கும் ம்க்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது முறை தெருவே பாட்டோடு சேர்ந்து கத்தியது.

விறுவிறுவென்று கடைக்குத் திரும்பியவரின் பின்னாலேயே மகள் ஓடிவந்தாள்.

"அப்பனை வெச்சு ஊர் சிரிக்க வைக்கிறியா? தூக்கிடு அதை. இப்பவே தூக்கு," என்று கத்தினார். 

"தூக்கிடுறேன்," என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். "ஆனா அந்த இடத்துல உங்க குரல்தான் வரணும்ப்பா. அதுக்காகத்தான் உங்களை ரெக்கார்ட் பண்ணேன். வேலை கிடைச்சிருச்சுன்னு சொன்னப்போ, உங்களுக்குச் சட்டை எடுத்துட்டு வந்தப்போ, மொதல் தாளம் போட்டேன்னு சொன்னப்போ, போனை ஆன் பண்ணி வெச்சுட்டுத்தான் பேசினேன். என்னைக்காவது நல்லாருக்குன்னு சொல்லுவீங்க, அதைப் பாட்டுல வைக்கலாம்னு இருந்தேன். எல்லாத்தையும் தேடிட்டேன்ப்பா. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இப்ப ஆன்ல இருக்கு. பாட்டைப் பத்திக்கூட வேண்டாம். என்னைப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அதைப் போட்டுட்டு மத்ததை எல்லாம் அழிச்சிடுறேன்."

அவர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. சொல்லவேண்டும் என்று அவருக்கும் இருந்தது. அதுகூட இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் ஒரு தெருவையே ஒற்றைச் சத்தத்தில் மட்டம் தட்டியவருக்குப் பெற்ற மகளைப் பாராட்ட வாய் வரவில்லை. கோழை மனுஷன்.

"ஷேவிங் உண்டாண்ணே?" என்று வாசலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"வாங்க, உக்காருங்க," என்று அவர் அவசரமாகத் துண்டை எடுத்தார். வந்தவரின் முகம் முழுக்க நுரை பூசி முடிக்கும்வரை அவள் போனை நீட்டியபடியே நின்றாள். பிறகு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பாட்டு அப்படியே வெளியே வந்தது.