இன்னும் கொஞ்சம் ஏத்து

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இது நடந்தது. பாதி என் நாத்தனார் வாயால் கேட்டது. மீதி என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. நேரம் உட்பட ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கூட்டங்களுக்கு மைக் செட் போடும் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். கடையை மூடிவிட்டார்கள். அதே வருடம் புருஷனும் அவளைக் கைகழுவிவிட்டான். ஒன்பது வயது மகளை அவன் வீட்டார் வைத்துக்கொண்டார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு நல்ல வேலையைக் காட்டினால்தான் பிள்ளை அவளிடம் வரும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். மைக் தூக்கிப் பிடிக்கும் வேலை கேட்டுச் சினிமா கம்பெனிகளின் படியை ஏறி இறங்கினாள். "பொம்பளைக்குத் தோள் தாங்காதும்மா." ஏழு இடத்திலும் இதே பாட்டு. எங்கள் வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல அண்ணி" என்பாள்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. பேசியவர் சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவர். படப்பிடிப்பில் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கோ கொசு பறந்தாலும் "சத்தம் வருது" என்று கையைத் தூக்கிவிடுவாராம். மைக் பிடிக்கிற ஆள் திடீரென்று இல்லாமல் போய்விட்டான், நாளைக் காலை ஐந்து மணிக்கே வர முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா? இவள் போனைக் கும்பிட்டாள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவரே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நீளமான கோல். இழுத்தால் மூன்று ஆள் உயரம். நுனியில் மைக். நடிகர்கள் பேசும்போது அவர்கள் தலைக்கு மேல் அதை இரு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். வசனம் தவறக் கூடாது. மைக் படத்துக்குள் தெரியவும் கூடாது.

"இன்னைக்கே பழகிக்கோம்மா. முதல் ஷாட்லயே கை நடுங்குச்சுன்னா டைரக்டர் வேற ஆளைக் கேட்டுடுவாரு" என்றார். இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டியைக் காட்டினார். "இதுலதான் ஹெட்போனைச் செருகணும். மைக் சத்தமும் கேக்கும், நாங்க பேசுறதும் கேக்கும். ஏத்துன்னா ஏத்து, இறக்குன்னா இறக்கு. எதிர்க்கேள்வி கேக்காதே. அவ்ளோதான் வேலை."

பின்னறையில் கோல் கூரையை இடித்தது. மாடிக்குப் போனாள். இடுப்புப் பெட்டியிலேயே மணி தெரியும். 5.20.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தானாம். கொடியில் துணி படபடப்பது, அடுத்த தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பது, எல்லாம் காதுக்குள்ளேயே நடந்தது. நூறு எண்ணும்வரை தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். ஆறு மணிக்குத் தோள் நெருப்பாய் எரிந்தது. மகளை நினைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

6.22. சத்தம் எல்லாம் நின்றது.

கீழே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைந்தது. பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. காதில் ஒன்றுமே இல்லை.

6.25. மூச்சு விடும் சத்தம். தன் மூச்சுதான் என்று நினைத்தாள். சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினாள்.

அது நிற்கவில்லை...

6.31.

"ஏத்து."

பெண் குரல். அதட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. டைரக்டரின் உதவியாளராக இருக்கும், அங்கிருந்தே சோதிக்கிறார்கள் என்று நினைத்தாள். அலறிக்கொண்டு ஓட வேண்டியவள், ஏத்தினாள். அவள் நிலைமை அப்படி.

"இன்னும் கொஞ்சம்."

"சரிங்க."

"கை நடுங்குது."

திடுக்கிட்டுத் திரும்பினாள். மாடியில் யாருமில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. நடுங்குவது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இல்லைங்க... நடுங்காதுங்க" என்றாள்.

"பின்னால வா. ரெண்டடி."

போனாள்.

"ஏத்து."

காதில் 'ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல் எழுந்தது. மைக் செட்காரிக்கு அது என்ன என்று தெரியாதா? மைக் கரண்டுக்குப் பக்கத்தில் போனால் வரும் இரைச்சல் அது. மாடியை ஒட்டித்தான் மின்கம்பி போகிறது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இறக்கச் சொல்லாமல் எப்படி இறக்குவது என்றுதான் தோன்றியதாம்.

"யாருங்க பேசுறது?"

மூச்சு மட்டும்...

"பொண்ணு வேணும்ல?"

கம்பெனியில் எவரிடமும் மகளைப் பற்றி அவள் மூச்சுவிட்டதில்லை.

"வேணும்ல? ஏத்து."

இனி நான் பார்த்தது.

6.52. துணி எடுக்க மாடிக்குப் போனேன். எனக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். தலை அண்ணாந்திருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். "ஏத்துறேங்க... ஏத்துறேங்க..." என்று முனகிக்கொண்டிருந்தாள்.

மேலே பார்த்தேன்.

மைக்குக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண்.

கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் இடுப்பைக் கட்டி இழுத்தேன். இருவரும் விழுந்தோம். கோல் தரையில் கிடந்து உருண்டது.

"விடுங்க அண்ணி! வேலை போயிடும்! எம் பொண்ணு..."

ஹெட்போனைப் பிடுங்கினேன்.

அதன் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டியிலும் செருகியிருக்கவில்லை.

எப்போது கழன்றதோ. ஏன் செய்தேன் என்று இன்றும் தெரியாது, அதை என் காதில் வைத்தேன்.

மூச்சு.

எனக்கும் கேட்டது.

அன்று இரவு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். "போகாதே" என்று மன்றாடினேன். "போகலன்னா எம் பொண்ணு எனக்கு இல்ல அண்ணி" என்றாள். 4.10க்கு வண்டி வந்தது. போய்விட்டாள்.

போனதும் 'காது'விடம் கேட்டிருக்கிறாள். "நேத்து சாயங்காலம் ரேடியோவுல யாராச்சும் பேசினீங்களா சார்?"

"எப்படிம்மா பேச முடியும்? பேசுற பெட்டி ஸ்டூடியோவுல பூட்டிக் கிடந்துச்சே" என்றாராம். சொன்னவர் முகம் ஏனோ வெளுத்துப்போனதாம்.

முப்பத்தொரு நாள் வேலை. ஹெட்போனால் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு செய்தாள். கை நடுங்கவில்லை. கெடுவுக்குள்ளேயே கம்பெனிக் கடிதத்தைக் காட்டி மகளை அழைத்துவந்தோம். பிள்ளை இப்போது எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். இதோடு முடிந்திருந்தால் வெறும் மனப்பிரமை என்று நானும் விட்டிருப்பேன்.

கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் 'காது' அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உனக்கு முந்தி இருந்த பையனைப் பத்தி நீ கேக்கவே இல்லையேம்மா."

"வேலையை விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன் சார்."

"செத்துட்டான். வெட்டவெளியில ஷாட். கோல் கரண்ட் கம்பியில பட்டுடுச்சு. அந்த ஷாட்டுக்கு அவ்வளவு உயரமே தேவையில்ல. யாரும் ஏத்தச் சொல்லவும் இல்ல. அன்னைக்கு ஸ்பாட்ல இருந்தது நாங்க பதினாலு ஆம்பளைங்க. ஒரு பொம்பளை கிடையாது."

கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாராம்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உசுரு இருந்துச்சு. யாரு மேலயும் அவனுக்குக் கோவமில்ல. என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்...

'ஏத்து ஏத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களே... அந்தம்மா யாரு சார்?'"